எண்ணின்மேல் சுமத்திய பழி

வீட்டில் ஸ்டீரியோ வைத்துச் சங்கீதம் கேட்பதைத் தம் வாழ்வின் பெரிய சுகங்களில் ஒன்றாகக் கருதும் அன்பர்கள் இருவர் கூடிப் பேசத் தொடங்கினால், பேச்சு ராகத்தில் ஆரம்பித்தாலும் பாடகரில் ஆரம்பித்தாலும், சிறிது நேரத்துக்கெல்லாம் அது சாதனங்களின் பக்கம் திரும்பி, முடிவில் ஒரே அபிப்பிராயத்தில் வந்து நிலைபெறுவதைக் காணலாம். அந்த அபிப்பிராயமாவது: டிஜிட்டல் ஒலி பிறவியிலேயே குறையுடையது, தொடர்ச்சியான நாதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி எண்களாக்கி வைத்ததால் அதன் ஜீவன் போய்விட்டது, அதை மீட்க வேண்டுமானால் விநாடிக்கு 44,100 மாதிரிகளுக்குப் பதில் 96,000 அல்லது 1,92,000 மாதிரிகள் வேண்டும், 16 பிட்டுக்குப் பதில் 24 பிட் வேண்டும், எண்களை மின்னலையாக மாற்றும் ‘டாக்’ என்ற கருவி லட்ச ரூபாய்க்குக் குறையாததாக இருக்க வேண்டும், அந்தக் கருவிக்கு எண்களைக் கொண்டு செல்லும் யு.எஸ்.பி. கேபிள் வெள்ளிக் கம்பியாலும், இணையக் கம்பி வந்து சேரும் சுவிட்ச் சங்கீதத்துக்கென்றே செய்யப்பட்டதாகவும் இருந்தால் இன்னும் உத்தமம். இவற்றுக்கெல்லாம் பிரமாணம் என்னவென்று கேட்டால், ‘காதால் கேட்டுப் பாருங்கள்’ என்ற ஒரே விடை கிடைக்கிறது.

இந்த அபிப்பிராயம் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஒருங்கே விரோதமானது என்பதையும், அது நிலைத்திருப்பதால் ரசிகர்களுடைய பணம் விரயமாவது மட்டுமன்றி, அவர்களுடைய கூடத்தில் உண்மையாகவே சங்கீதத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் குற்றவாளி தப்பித்துக்கொண்டே வருகிறான் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பாடகரின் தொண்டையிலிருந்து நம் செவி வரையுள்ள நெடுவழியில், எண்களாக இருக்கும் பகுதி ஒன்றே ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்ட பகுதி. முழுமை பெறாதவை பதிவுக்கூடத்தாரின் கைவேலை, ஸ்பீக்கர், ஸ்பீக்கர் வைத்திருக்கும் அறை ஆகிய மூன்றுமே. நோயற்ற உறுப்புக்கு வைத்தியம் செய்துகொண்டு, நோயுள்ள உறுப்புகளை ஏறெடுத்தும் பாராமலிருப்பது எவ்விதத்திலும் விவேகமாகாது.

எதிர்த்தரப்பாருக்கு நியாயம் செய்வதென்றால், இந்த அபிப்பிராயம் வெறும் ஆகாயத்தில் பிறந்ததன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் சி.டி.பி.-101 என்ற முதல் சி.டி. கருவி விற்பனைக்கு வந்தபோது, அதனுள் இடச் செவிக்கும் வலச் செவிக்குமாக ஒரே மாற்றிதான் இருந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி வேலை செய்ததால், ஒரு பக்கத்து ஒலி மற்றொன்றைவிட விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு பிந்தி வந்தது. அக்காலத்துக் கருவிகளில் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைச் சுவர் வைத்தாற்போல் தடுக்க மின்வடிகட்டிகள் பல அடுக்காக அமைக்கப்பட்டிருந்தன. இசைத்தட்டுக்கென்று உச்சஸ்தாயியைத் தூக்கி வைத்துத் தயாரித்த நாடாக்களையே அப்படியே சி.டி.யிலும் பதித்துவிட்ட கம்பெனிகளும் உண்டு. அந்தச் சி.டி.க்கள் செவியைக் குத்தின என்று அன்று சொன்னவர்களைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், பெருங்குறை என்று சொல்லப்பட்ட அந்தத் தாமதத்தை அளவிட்டுப் பார்த்தால், அந்நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் சுமார் 4 மில்லிமீட்டர். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தலையை ஓர் இம்மி அசைத்தாலே அதைவிட அதிக வித்தியாசம் ஏற்பட்டுவிடும். வடிகட்டிகளின் தொல்லையோ, மாதிரிகளைப் பன்மடங்காகப் பெருக்கிப் பின்பு மாற்றும் முறையைப் பிலிப்ஸ் நிறுவனம் தன் முதல் கருவியிலேயே கையாண்டதாலும், மற்றவர்களும் சில ஆண்டுகளில் அதைப் பின்பற்றியதாலும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. குற்றம் நீங்கி நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. குற்றச்சாட்டு மட்டும் தலைமுறை தாண்டி வாழ்கிறது.

இனித் தத்துவத்துக்கு வருவோம். டிஜிட்டல் ஒலியின் குறையை விளக்க விரும்புவோர் அனைவரும் ஒரு சித்திரத்தைக் காட்டுவது வழக்கம். அதில் வழவழப்பான ஓர் அலையும், அதன்மேல் மாடிப்படிகளைப் போன்ற கோணல் கோடும் வரைந்திருக்கும். படிகள் சிறுத்தால் அலைக்கு நெருங்கிவரும் என்பது அதன் உபதேசம். இந்தச் சித்திரம் பொய். மாற்றிக் கருவியின் வாயிலிருந்து படிகள் வெளிவருவதில்லை. வழவழப்பான அலையே வருகிறது. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரிகளை எடுத்தால், அம்மாதிரிகளைக் கொண்டு மூல அலையை மீட்டுவிடலாம் என்பதும், அப்படி மீட்பது ஏறத்தாழ மீட்பதன்று, பூரணமாக மீட்பதே என்பதும், 1933-இல் ரஷ்ய விஞ்ஞானி கொத்தெல்னிகோவும் 1949-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானனும் கணிதப் பூர்வமாக நிறுவிய சித்தாந்தம். அந்தப் புள்ளிகளின் வழியே, அவ்வரம்புக்கு உட்பட்ட ஒரே ஓர் அலைதான் செல்ல முடியும். இன்னும் நெருக்கமாகப் புள்ளிகளை வைத்தாலும் அதே அலைதான் கிடைக்கும்.

44,100 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதையே ஒரு குற்றமாகச் சாற்றுவாரும் உளர். ஆதியில் எண்களைப் பதிய வீடியோ நாடாக் கருவியையே பயன்படுத்தினார்கள்; திரையின் ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு பாதிப்படத்துக்கு 245 வரிகள், விநாடிக்கு 60 பாதிப்படங்கள் என்று பெருக்கியதில் வந்த தொகை அது. தற்செயலாக வந்தது என்பதனால் அது தகாததாகிவிடாது. அதன் பாதி 22,050. மனிதச் செவியின் எல்லையோ இளமையில் 20,000, ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் பெரும்பாலும் 14,000-க்கும் கீழே. லட்ச ரூபாய்க் கருவிகளை வாங்கும் சக்தி வருகிற வயதில்தான் 14,000-க்கு மேற்பட்டது செவிப்புலனை விட்டு நழுவிப் போகிறது என்பது சிந்திக்கத் தக்கது. ‘இரண்டு மாதிரிகளுக்கு இடையில் விநாடியில் நாற்பத்து நாலாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறதே, அந்த இடைவெளிக்குள் மிருதங்கத்தின் ‘நம்’ விழுந்தால் காணாமற்போகாதா?’ என்பது அவர்களின் இன்னொரு ஆட்சேபம். போகாது. ஒலி எப்போது எழுந்தது என்பது மாதிரி விழும் கணத்தில் அன்று, மாதிரிகளின் மதிப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. 16 பிட் பதிவில் ஒரு நானோவிநாடியினும் நுண்ணிய கால வேறுபாடும் பிழையின்றி நிற்கும்.

பிட்டுகளின் விஷயம் இதனினும் எளிது. பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைப்பட்ட வீச்சை நிர்ணயிப்பது. 16 பிட்டுக்கு அந்த வீச்சு சுமார் 96 டெசிபெல். நம் ஊர் வீட்டுக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. சாளரத்துக்கு வெளியே தெருவும், அடுத்த அறையில் குளிர்பதனப் பெட்டியும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன. நள்ளிரவில்கூட அங்கே 35 அல்லது 40 டெசிபெல் இரைச்சல் இருந்தே தீரும். சி.டி.யின் அடிமட்ட இரைச்சல் அந்த மின்விசிறிக்கு மேலெழுந்து கேட்க வேண்டுமானால், அதன் உச்சம் 130 டெசிபெல்லைத் தாண்ட வேண்டும்; அது சங்கீதம் கேட்கும் நிலையன்று, செவிப்பறைக்கு ஹானி நேரும் நிலை. 24 பிட்டின் 144 டெசிபெல் வீச்சையோ, மின்சாதனங்களுக்கு இயற்கையாகவே உள்ள வெப்ப இரைச்சலின் காரணமாக, எந்த விலையுயர்ந்த மாற்றியாலும் இன்றளவும் முழுமையாக வெளியிட முடியவில்லை. பதிவுக்கூடத்தில் பலருடைய குரல்களையும் வாத்தியங்களையும் கலந்து, கூட்டிக் குறைத்து வேலை செய்வோருக்கு 24 பிட் அவசியம். அங்கே தவறுக்கு இடம் விட்டு வைக்க வேண்டியிருக்கிறது. கலந்து முடிந்ததைக் கேட்கும் நமக்கு அந்த உபரி எதற்கு?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய சங்கீதத்தை 24 பிட்டிலும் 1,92,000 மாதிரிகளிலும் புதுப்பித்து அதிக விலைக்கு விற்கிறார்கள். 1960-களின் மூலநாடாக்களில் இயல்பான நாடா இரைச்சலுக்கும் இசையின் உச்சத்துக்கும் இருந்த இடைவெளி 60 முதல் 70 டெசிபெல்தான். அதாவது 11 அல்லது 12 பிட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கும் முந்திய, நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டுகளில், நம் நாட்டுப் பதிவுகள் பெரும்பாலும் 10,000 ஹெர்ட்ஸையே எட்டுவதில்லை. ‘ஹரிதாஸ்’ படக் காலத்துப் பாட்டை 1,92,000 மாதிரிகளில் வைத்தால் அதைப் பாடிய பாகவதரின் குரலில் ஓர் அணுவும் கூடாது; தட்டின் கீறல்தான் அதி நுட்பமாகப் பதிவாகும். படி அரிசியை மூட்டைக் கோணியில் கட்டினால் மூட்டை அரிசி ஆகிவிடுவதில்லை.

கேபிள்களைப் பற்றியும் சுவிட்சுகளைப் பற்றியும் நீண்ட வாதம் தேவையில்லை. இணையக் கம்பியின் வழியே வரும் எண்கள் சிறுசிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒரு பொட்டலம் பழுதுபட்டால் மீண்டும் கேட்டு வாங்கப்படுகிறது. ஒவ்வொன்றும் கருவியின் நினைவகத்தில் வந்து சேர்ந்த பிறகே வாசிக்கப்படுகிறது. வழியில் அவை எந்தக் கம்பியில் பயணம் செய்தன என்பதற்கு அந்த எண்களில் எந்தத் தடயமும் இராது. கேபிள் உண்மையிலேயே கெட்டுவிட்டால் ‘டக், டக்’ என்ற சத்தமோ அடியோடு மௌனமோ உண்டாகும். வீணையின் மீட்டு மங்குவதும், பாடகியின் குரல் ஓர் அடி பின்னே நகர்வதும், மேடையின் அகலம் சுருங்குவதும் எண்களுக்கு வரும் நோய்களல்ல. கடிகாரத் துடிப்பின் சிறு தடுமாற்றத்தை ‘ஜிட்டர்’ என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அது மெய்யான ஒரு குறையே. ஆயினும், டால்பி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இருவர் 1998-இல் வெளியிட்ட பரிசோதனையில், இசையினிடையே அதைச் செவி உணர்வதற்குப் பத்துக்கணக்கான நானோவிநாடிகள் தேவைப்பட்டன. இன்றைய சாதாரணக் கருவிகளில் அது அந்த அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் ஆப்பிள் நிறுவனத்தின் ஹெட்ஃபோன் இணைப்புத் துண்டுக்குள்ளே ஒரு முழு டாக் அடங்கியிருக்கிறது. அதன் திரிபும் இரைச்சலும் சேர்ந்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கின்றன. இதற்கு மேலும் சுத்தம் வேண்டுமென்பவர் அந்தச் சுத்தத்தைக் கேட்கும் செவியையும் எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டும்.

யு.எஸ்.பி. வழியாகக் கணினியின் மின்சார உறுமல் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்துவிடுவது சில வீடுகளில் உண்டு; அது நிலக்கம்பி பற்றிய பழைய சங்கடமே, சிறு செலவில் தீரும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று விற்ற காலத்து 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புகளில் சலங்கையும் ஜாலராவும் நீரில் நனைந்தாற்போல் ஒலிப்பதும் உண்மை. அவற்றை விலக்குவது நலம். சேதமில்லாமல் சுருக்கிய கோப்புகள் இன்று மலிந்துவிட்டன. ஆப்பிள் நிறுவனம் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றியே அவற்றைத் தருகிறது. எண்களின் பகுதியில் ஒரு கிருகஸ்தன் செய்ய வேண்டிய சீர்திருத்தம் இவ்வளவோடு முடிந்தது.

‘இத்தனை கணக்கும் இருக்கட்டும், என் காது பொய் சொல்லுமா?’ என்பது எதிர்த்தரப்பாரின் கடைசி அரண். காது பொய் சொல்வதில்லை. ஆனால் சாட்சி சொல்வது காது மட்டுமன்று, கண்ணும் மனமும் பணப்பையும் உடன் நின்று சாட்சி சொல்கின்றன. ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் நாற்பது பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணுக்குத் தெரிய வைத்தும், ஒருமுறை திரைக்குப் பின்னே மறைத்தும் கேட்கச் செய்தார்கள். தெரிய வைத்தபோது உருவத்தில் பெரியவையும் விலையில் உயர்ந்தவையும் பாராட்டைப் பெற்றன. மறைத்தபோது அந்த மதிப்பெண்கள் மாறிப்போயின. கேட்டவர்கள் ஏமாளிகள் அல்லர்; ஒலித்தொழிலிலேயே ஊழியம் பார்த்தவர்கள். ஸ்பீக்கர்களிடையே உள்ள பெரிய வித்தியாசத்தையே கண் இவ்வாறு திரிக்குமானால், வெள்ளிக் கம்பியின் விஷயத்தில் அது என்னதான் செய்யாது?

எண்களைப் பற்றியே நேரடியாகச் செய்த பரிசோதனையும் உண்டு. பாஸ்டன் நகரத்தில் மேயர், மோரான் என்ற இருவர், உயர்ரகப் பதிவுகள் அடங்கிய எஸ்.ஏ.சி.டி. தட்டுகளையும் டி.வி.டி. தட்டுகளையும் வாசிக்கச் செய்து, இடையில் ஒரு சொடுக்கியின் மூலம் அந்த ஒலியை 16 பிட், 44,100 மாதிரி என்ற சி.டி. தரத்துக்குக் குறைத்து மீண்டும் வெளிவிடும் ஒரு சுற்றைச் செருகினார்கள். எப்போது உயர்ரகம், எப்போது சி.டி. தரம் என்று கேட்போர் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு மேல் நடந்த 554 சோதனைகளில் சரியான விடைகள் 276. காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவே வந்திருக்கும். 2007-இல் இது வெளியானபோது, அந்தத் தட்டுகளில் சில உண்மையில் உயர்ரகப் பதிவுகளே அல்ல என்ற ஆட்சேபம் எழுந்தது, ஆட்சேபம் நியாயமானதே. அதன் பின்னர் 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் பதினெட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, மனிதர்களால் வித்தியாசம் காண முடிகிறது என்ற முடிவுக்கு வந்தார். எதிர்த்தரப்பார் வெற்றிக்கொடியாக உயர்த்திப் பிடிப்பது இதைத்தான். அந்த வெற்றி எவ்வளவென்று பார்த்தால், பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகளில் சரியான விடை நூற்றுக்கு 52.3, பயிற்சி பெற்றவர்களிடத்தில் அது 60-ஐ ஒட்டிச் சென்றது. ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர் பத்தில் ஆறு முறை ஊகித்துச் சொல்லத்தக்க அத்தனை மெல்லிய ஒன்றை, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவர் ‘திரை விலகியதுபோல் இருந்தது’ என்று வருணிப்பாரானால், விலகிய திரை எது என்று விசாரிப்பது நம் கடமை.

எதிர்த்தரப்பார் கேட்ட வித்தியாசம் சில வேளைகளில் உண்மையே என்பதையும், அதன் காரணம் வேறு என்பதையும் மேயரும் மோரானுமே குறித்திருக்கிறார்கள். உயர்ரகத் தட்டுகள் சாதாரணச் சி.டி.க்களைவிட இனிமையாக ஒலித்தன, சி.டி. தரத்துக்குக் குறைத்த பின்னும் அந்த இனிமை குறையவில்லை. நல்ல செவியுள்ள ரசிகர்கள் வாங்குவார்கள் என்பதனால் அவற்றைத் தயாரித்தவர்கள் சிரத்தையோடு தயாரித்திருந்தார்கள் என்பதே இரகசியம். கடை ரேடியோவிலும் காரிலும் மற்றப் பாட்டுகளைவிட உரக்க ஒலிக்க வேண்டுமென்று, மெல்லிய இடங்களையெல்லாம் மேலே தூக்கி உச்சங்களையெல்லாம் வெட்டித் தட்டையாக்கும் கொடுமை 1990-களிலிருந்து பெருகிற்று. 2008-இல் மெட்டாலிகா குழுவினரின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் வெளிவந்தபோது, அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் சி.டி.யைவிடத் தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு ஒலித்ததைக் கண்டு ரசிகர்கள் வெகுண்டெழுந்தார்கள். இரண்டும் டிஜிட்டல்தான், பழுது எண்களில் இருந்திருந்தால் விளையாட்டிலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இதற்கு நேர்மாறான சம்பவம் 2022-இல் நிகழ்ந்தது. எண்களே தீண்டாத தூய இசைத்தட்டுகள் என்று உலகெங்கும் உள்ள செவிநுட்பர்கள் போற்றிப் பெருவிலை கொடுத்து வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளில் பல, டிஜிட்டல் பிரதியிலிருந்தே பல ஆண்டுகளாக வெட்டப்பட்டு வந்தன என்பது வெளிப்பட்டது. எண்களின் வாடையைத் தூரத்திலேயே கண்டுகொள்வோம் என்ற அந்தச் செவிகள், அத்தனை ஆண்டுகளும் அந்த எண்களைக் கேட்டே பரவசமடைந்திருந்தன.

எண்களை விடுதலை செய்தாயிற்று. குற்றவாளி எங்கே? அவன் நம் கூடத்தில், நான்கு சுவர்களாகவும் தளமாகவும் கூரையாகவும் நின்றுகொண்டிருக்கிறான்.

1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் பிரசங்க மண்டபம் புதிதாகக் கட்டப்பட்டு, பேசுபவர் சொல்லும் ஒரு வார்த்தைகூட விளங்காததால் உபயோகமற்றுக் கிடந்தது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில், பக்கத்து ஸாண்டர்ஸ் நாடக அரங்கின் ஆசன மெத்தைகளை வரிசை வரிசையாகத் தூக்கிவரச் செய்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, அந்த ஒலி செவிக்குப் புலப்படாமல் மறைய எவ்வளவு நேரமாகிறதென்று கடிகாரத்தைக் கையில் பிடித்து அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வெறும் மண்டபத்தில் ஐந்தரை விநாடிக்கு நீடித்த எதிர்முழக்கம், மெத்தைகள் கூடக் கூடக் குறுகிக்கொண்டே வந்தது. அந்த இரவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் உலகத்துச் சபா மண்டபங்களையெல்லாம் ஆள்கிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பரப்புகள் உறிஞ்சும் சக்தியால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

அந்தச் சூத்திரத்தை நம் வீட்டுக்கு அழைத்து வருவோம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடம். தரையில் பளபளக்கும் டைல்ஸ், சிமெண்டுப் பூச்சுச் சுவர்கள், கான்கிரீட் கூரை. இவை தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சுவதில்லை. கன அளவு 60, பரப்பு 94, உறிஞ்சும் சக்தி 1.9, ஆகவே எதிர்முழக்கம் ஐந்து விநாடி. ஸபைனைத் திணறடித்த அந்த மண்டபத்துக்கு நம் கூடம் இளைத்ததன்று! சோபாவும் கதவும் சாளரமும் மனிதர்களும் சேர்ந்து அதை ஒன்றரை, இரண்டு விநாடிக்கு இறக்கினாலும், வீட்டில் சங்கீதம் கேட்க உகந்தது அரை விநாடியே. மிருதங்கத்தில் ஒரு சொல் மறைவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் விழுந்து, தனியாவர்த்தனம் முழுவதும் ஒரே குழம்பாகிறதே, அதற்கு எந்த டாக் பொறுப்பு? எந்தக் கேபிள் பொறுப்பு?

கீழ்ஸ்தாயியின் நிலை இன்னும் பரிதாபம். சுவருக்கும் சுவருக்கும் இடையே ஒலி மோதித் திரும்புகையில், அறையின் நீளத்தைப் போல் இருமடங்கு அலைநீளமுடைய ஒலி அங்கேயே நிலை அலையாகத் தங்கிவிடுகிறது. மேற்சொன்ன கூடத்தில் அவ்வாறு தங்குபவை முறையே 35, 44, 58 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41; அதற்கு அடுத்தது 55. இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் கிட்டார் தனக்கென ஒரு தனிப்பாட்டைப் பாடிக்கொண்டு போகிறதென்று ரசிகர்கள் வியப்பார்கள். அந்தத் தனிப்பாட்டில் சில ஸ்வரங்கள் நம் கூடத்தில் இடியாக முழங்குவதும், அடுத்த ஸ்வரம் இருக்குமிடம் தெரியாமல் மறைவதும் இந்த நிலை அலைகளின் லீலை. கேட்பவர் அறையின் நட்டநடுவே நாற்காலி போட்டுக்கொண்டால் அந்த ஆதார ஒலிகள் அவருக்கு ஏறக்குறைய அற்றுப்போகும்; பின்சுவரில் தலையைச் சாய்த்தால் அவையே பெருகி மற்றதையெல்லாம் விழுங்கும். ஸ்பீக்கருக்குப் பின்னே ஒரு மீட்டரில் சுவர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹெர்ட்ஸில் நேர் அலையை எதிர்த்து அழிக்கும். சாதாரண அறை ஒன்றில் கீழ்ஸ்தாயியை அளந்து பார்த்தால் 10 முதல் 20 டெசிபெல் வரையில் மேடும் பள்ளமும் தென்படும். 10 டெசிபெல் என்பது செவிக்கு இருமடங்கு உரப்பு. மாற்றிக் கருவியின் மேடுபள்ளமோ ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்கு. ஸ்பீக்கரும் இதற்குச் சளைத்ததன்று. உரக்க வாசிக்கையில் கீழ்ஸ்தாயியில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, சில வேளை அதற்கு மேலும் திரிபை அது தன் பங்குக்குச் சேர்க்கிறது. நூற்றில் ஒரு பங்கைக் கெடுப்பதை விட்டுவிட்டு லட்சத்தில் ஒரு பங்கைக் கெடுப்பதன்மேல் வழக்குத் தொடுப்பதை எந்த நீதியில் சேர்ப்பது?

பரிகாரங்களில் பாதிக்குமேல் செலவில்லாதவை. அலமாரியின் உச்சியில் ஒன்றும் ஷோகேஸுக்குள் ஒன்றுமாகத் திணித்து வைத்த ஸ்பீக்கர்களை இறக்கி, உச்சஸ்தாயி எழும் சிறு குமிழ் செவியின் மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டின்மேல் வைத்து, தமக்குள்ளும் கேட்பவரோடும் சமமான முக்கோணமாக அமைத்தாலே, பாடகர் எங்கே, வயலின் எங்கே என்று கைநீட்டிக் காட்டலாம். நாற்காலியை நடுவிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, ஓரடி ஓரடியாக நகர்த்திக் கேட்டு, கீழ்ஸ்தாயி சமன்படும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். ஸபைன் மெத்தைகளைக் கடன் வாங்கினார். நமக்குப் பரணில் இலவம்பஞ்சு மெத்தைகள் கிடக்கின்றன. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே தடித்த கம்பளமும், பக்கச்சுவரில் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடத்தில் கனத்த திரையும், பின்சுவரில் ஒழுங்கின்றி அடுக்கிய புத்தக அலமாரியும் வைத்தால் எதிர்முழக்கம் வெகுவாகத் தணியும். மெல்லிய ஜமுக்காளம் உச்சஸ்தாயியை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுமாதலால், கனமே இங்குப் பிரதானம்.

மெத்தைக்கும் அடங்காத கீழ்ஸ்தாயிக்கு என்ன செய்வதென்ற கேள்விக்கு விடை சொல்லும்போதுதான், பழி சுமத்தப்பட்ட அந்த எண்களே நமக்கு உபகாரியாக வந்து நிற்கின்றன. அளவைக்கென்று செய்த மைக் ஒன்றை நாற்காலியின் இடத்தில் வைத்து, ‘ரூம் ஈ.க்யூ. விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளால் அறையை அளந்து, 44 ஹெர்ட்ஸில் மேடிட்டிருப்பதைக் கணக்கிட்டு அவ்வளவே எண்களின் நிலையில் குறைத்துவிடலாம். நிலை அலை அழித்துவிட்ட பள்ளத்தை இவ்வாறு நிரப்ப முடியாது. எவ்வளவு ஊட்டினாலும் அழிப்பதும் கூடவே வளரும். அதற்கு இருக்கையை நகர்த்துவதோ, இரண்டாவது சப்வூஃபரை வேறு மூலையில் வைப்பதோ வழி. மேடுகளைச் சமன் செய்யும் இந்த வேலையை, ஒரு ஸ்வரத்துக்கு மட்டும், ஒரு டெசிபெல் பிசகாமல், அனலாக் கருவிகளால் செய்வதென்றால் எத்தனை செலவும் இரைச்சலும் திரிபும் ஏற்கவேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். டிஜிட்டலைச் சீர்திருத்த வேண்டுமென்று லட்சங்களைக் கொட்டுகிறவர்கள், டிஜிட்டலைக் கொண்டு அறையைச் சீர்திருத்தலாம் என்பதை அறியாமலிருப்பதே இந்த விவகாரத்தின் பெரிய துர்ப்பாக்கியம்.

‘அவரவர் பணம், அவரவர் சந்தோஷம், உமக்கு ஏன் வயிற்றெரிச்சல்?’ என்று கேட்கலாம். விலையுயர்ந்த பொருளைக் கூடத்தில் வைத்துப் பார்த்து மகிழ்வது ஒருவருடைய சுதந்திரம்; அதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால், அந்த மகிழ்ச்சிக்கு விஞ்ஞானத்தின் வேஷம் போட்டு, முதன்முதலாக ஸ்டீரியோ வாங்க வருகிற இளைஞனிடம், ‘ஸ்பீக்கருக்கு இருபதாயிரம் போதும், டாக்குக்கும் கேபிளுக்கும் ஐம்பதாயிரம் ஒதுக்கு’ என்று உபதேசம் செய்யும்போது, அவன் வாழ்நாளெல்லாம் கேட்கப்போகும் சங்கீதத்தின்மேல் கைவைக்கிறோம். அவனுக்குச் சொல்ல வேண்டிய நியாயமான வரிசை இது: கையிலுள்ளதில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, அடுத்தது அறைக்கு, பின்பு அந்த ஸ்பீக்கரைச் சிரமமின்றி இயக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு, மீந்த சில்லறையில் டாக்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு கேபிளையோ சுவிட்சையோ வாங்கும்படி யாரேனும் வற்புறுத்தினால், தர்க்கம் செய்துகொண்டிராமல் ஒரு நிபந்தனை விதியுங்கள். இரண்டு கேபிளிலும் ஒலியின் உரப்பு பத்தில் ஒரு டெசிபெல்லும் பிசகாமல் சமமாக இருக்கட்டும். எது எப்போது பூட்டப்படுகிறதென்று கேட்பவருக்குத் தெரியாமலிருக்கட்டும்; பூட்டுபவரின் முகத்தையும் அவர் பாராதிருக்கட்டும். இருபது முறையில் பதினைந்து முறையேனும் அவர் சரியாகச் சொல்லட்டும். குருட்டு ஊகத்தால் அவ்வாறு நேர்வது நூற்றில் இரண்டு தடவைதான். சொல்லிவிட்டாரானால் தயங்காமல் வாங்குங்கள், நானும் உடன் வந்து வாங்குகிறேன். சொல்லும் வரையில் அந்தப் பணம் ஸ்பீக்கருக்கும் கம்பளத்துக்கும் உரியது.